எந்த வீட்டில் வெளிச்சம் இல்லை? மண்டையோட்டு நரம்புகள் பழுதுபடும்போது

காலையில் கிணற்றடியில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு கடைவாயால் வழிகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் இழுபட்ட பக்கத்தைத்தான் வருத்தம் வந்த பக்கம் என்று பிடித்து, எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுக்கத் தொடங்குவார்கள். உண்மையில் இழுக்கிற பக்கம் நல்ல பக்கம். மற்றப் பக்கத்துத் தசைகள் ஓய்ந்துபோனதால், எதிரணி கயிற்றை விட்டதும் கயிறு வந்துவிடுவதுபோல வாய் இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஓய்ந்துபோன தசைகள் மறுபக்கத்தில் இருக்கின்றன. அந்தத் தசைகளிலும் பிழை ஏதும் இல்லை. பிழை காதுக்குப் பின்னால், எலும்புக்குள், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுள்ள ஒரு குழாயில் இருக்கிறது.

ஒரு ஒழுங்கையில் கறண்ட் நின்றால் மின்சார சபை ஆட்கள் எடுத்த எடுப்பில் எல்லாக் கம்பத்திலும் ஏறுவதில்லை. கடைசி வீட்டில் மட்டும் இல்லையா, சந்தியிலிருந்தே இல்லையா, பக்கத்து ஒழுங்கையிலும் இல்லையா என்று முதலில் கேட்பார்கள். வெளிச்சம் இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்தால் வயர் அறுந்த இடம் தானாகத் தெரியும். மண்டையோட்டு நரம்புகளைச் சோதிக்கும் வைத்தியர் செய்வதும் இதுதான். எந்த நரம்பு என்ற கேள்வி சுலபமானது. அந்த நரம்பு போகும் வழியில் எந்த இடம் என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கும் கேள்வி. அதற்குப் பதில், அந்த நரம்போடு சேர்ந்து வேறு என்ன கெட்டது, என்ன கெடவில்லை என்பதில் இருக்கிறது. ஸ்கான் அதற்குப் பிறகுதான். எந்த இடத்தை, எந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் எடுத்த ஸ்கான் ‘ஒன்றுமில்லை’ என்று வந்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகள் புறப்பட்டுக் கழுத்துக்குக் கீழே உடம்பைக் கவனிக்கின்றன. தலைக்கும் முகத்துக்கும் தொண்டைக்கும் உரியவை மண்டையோட்டு நரம்புகள், 12 சோடி. இவற்றின் இலக்கம் முன்னாலிருந்து பின்னாலே, மேலிருந்து கீழே என்ற ஒழுங்கில் போகிறது. முதலிரண்டும், அதாவது மணமும் பார்வையும், பெருமூளையோடு சேர்ந்தவை. அதற்குக் கீழே, முண்ணாணோடு சேரும் மூளைத்தண்டில் மேலிருந்து கீழாக நடுமூளை, வரோலியின் பாலம், நீள்வளைய மையவிழையம் என்று மூன்று பகுதி. 3உம் 4உம் நடுமூளையிலிருந்தும், 5 வரோலியின் பாலத்திலிருந்தும், 6, 7, 8 பாலமும் நீள்வளைய மையவிழையமும் சந்திக்கும் விளிம்பிலிருந்தும், 9, 10, 12 நீள்வளைய மையவிழையத்திலிருந்தும் வருகின்றன. 11 மட்டும் கழுத்து முண்ணாணின் மேற்பகுதியில் தொடங்கி, மண்டையோட்டுக்குள் ஏறி, திரும்பவும் வெளியே இறங்குகிறது. 1, 2, 8 உணர்வை உள்ளே கொண்டுவருபவை. 3, 4, 6, 11, 12 தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோபவை. 5, 7, 9, 10 இரண்டையும் செய்பவை.

உடற்கூற்றைத் தமிழில் எழுதுவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்தார். இருந்தாலும் இன்று வாட்டில் ‘தேர்ட் நேர்வ்’, ‘செவன்த் நேர்வ்’ என்றுதான் எல்லாரும் கதைக்கிறார்கள். ஆகவே இங்கும் இலக்கத்தாலேயே சொல்கிறோம். பெயரைவிட இலக்கம் வழியை நினைவில் வைக்க உதவும்.

வழி எப்படி நோயைக் காட்டிக்கொடுக்கிறது என்பதற்கு முகத்தை அசைக்கும் 7ஆம் நரம்பைவிட நல்ல உதாரணம் இல்லை. மூளைத்தண்டிலிருந்து, கேள்விக்குரிய 8ஆம் நரம்போடு சேர்ந்து புறப்பட்டு, காதெலும்புக்குள் நுழைந்து, ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் நீளமான எலும்புக் குழாய்க்குள் வளைந்து வளைந்து போகிறது. குழாயின் ஆக ஒடுங்கிய இடம் சுமார் 0.7 மில்லிமீற்றர். போகும் வழியில் மூன்று கிளைகளை விடுகிறது. முதற்கிளை கண்ணீர்ச் சுரப்பிக்கு. அடுத்தது நடுக்காதில் உள்ள மிகச் சிறிய தசைக்கு, உரத்த சத்தத்தை மட்டுப்படுத்துவது அதன் வேலை. மூன்றாவது நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கின் சுவைக்கும் நாடிக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும். பிறகுதான் காதுச்சோணைக்குப் பின்னால் வெளியே வந்து, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியின் ஊடாக விரிந்து, நெற்றி முதல் கழுத்துவரை முகத்தை அசைக்கிறது.

இனி வீடுகளை எண்ணலாம். முகம் மட்டும் அசையவில்லை, சுவை, சத்தம், கண்ணீர் எல்லாம் சரி என்றால் பழுது வெளியே, கன்னச் சுரப்பிப் பக்கம். அங்கே கட்டி ஏதும் தடவுப்படுகிறதா என்று விரலால் பார்க்க வேண்டும். சுவையும் குறைந்து, சமையலறையில் சட்டி விழுந்த சத்தம் அந்தக் காதில் தாங்கமுடியாமல் இருந்தால் பழுது எலும்புக் குழாய்க்குள். கண்ணும் காய்ந்தால் இன்னும் மேலே. அதே பக்கம் காதும் கேட்கவில்லை என்றால் 7உம் 8உம் சேர்ந்து போகும் துண்டில். அதே பக்கக் கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை என்றால் மூளைத்தண்டுக்குள்ளேயே, ஏனென்றால் கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் 6ஆம் நரம்பு தொடங்கும் நரம்பணுக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் 7 வெளியே வருகிறது.

அதற்கும் மேலே, பெருமூளையில் பழுது வந்தால் படம் மாறுகிறது. நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது, வாய்ப்பக்கத் தசைகளுக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்து மட்டும். அதனால் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும், கண்ணும் ஓரளவுக்கு மூடும். புருவத்தை உயர்த்தச் சொன்னால் நெற்றியில் இரண்டு பக்கமும் கோடு விழுகிறதா என்று பாருங்கள். கோடு விழுந்தால் மூளையைச் சந்தேகியுங்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து, தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்தான் பெரும்பாலும் கொடுக்கலாம். நெற்றியும் சேர்ந்து அசையாமல் போயிருந்தால் நரம்பிலே பழுது என்ற பக்கம் சாயலாம். ஆனாலும் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், தலைச்சுற்று, இரட்டைப் பார்வை ஏதாவது கூட இருந்தால் நெற்றியை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

நரம்புப் பழுதில் அதிகம் காண்பது பெல் வாதம். 19ஆம் நூற்றாண்டில் முக நரம்பை விவரித்த ஸ்கொட்லாந்து வைத்தியர் சார்ள்ஸ் பெல்லின் பெயர் அது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 20 முதல் 30 பேருக்கு வருகிறது. பஸ் யன்னலோரம் இருந்து காற்றுப் பட்டதால் வந்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நரம்புக்குள் ஒளிந்திருந்த ஹேர்ப்பீஸ் வைரஸ் திரும்பக் கிளம்புவதே காரணம் என்பது இன்றைய வலுவான ஊகம். காரணம் எதுவானாலும் நடப்பது ஒன்றுதான். நரம்பு வீங்குகிறது, 0.7 மில்லிமீற்றர் எலும்புக் குழாய் விரிய மாட்டாது, நரம்பு தன்னைத்தானே நெரித்துக்கொள்கிறது. கையிலோ காலிலோ தசைக்கு நடுவே ஓடும் ஒரு நரம்பு இந்த அளவு வீங்கினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, சுற்றிவரத் தசை விட்டுக்கொடுக்கும்.

ஆகவே சிகிச்சை வீக்கத்தைக் குறைப்பது. பிறெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து, 72 மணித்தியாலத்துக்குள். வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு 50 மில்லிகிராம் வீதம் 10 நாள், அல்லது 60 வீதம் 5 நாளும் பிறகு நாளுக்கு 10 வீதம் குறைத்து இன்னும் 5 நாளும் என்பது வழக்கம். நீரிழிவுக்காரருக்கு இந்த மருந்தால் சீனி ஏறும். மருந்தைத் தவிர்ப்பதைவிட, அந்தப் பத்து நாளும் சீனியை அடிக்கடி பார்த்துக் குளிசையையோ இன்சுலினையோ வைத்தியர் கூட்டிக் கொடுப்பதே வழி. மருந்தே இல்லாவிட்டாலும் பத்துப் பேரில் ஏழு பேர் முழுதாகத் தேறிவிடுவார்கள். எண்ணெய்க்கும் கயிறு கட்டுவதற்கும் கிடைக்கும் நல்ல பெயருக்கு இந்த ஏழு பேர்தான் காரணம். மற்ற மூன்று பேருக்காகத்தான் 72 மணித்தியாலக் கணக்கு.

கோணிய வாயைப் பார்த்துப் பதறுபவர்கள் மூடாத கண்ணை மறந்துவிடுகிறார்கள். நிரந்தரச் சேதம் வரக்கூடிய இடம் அதுதான். இமை மூடாததால் கருவிழி காய்ந்து, புண்ணாகி, தழும்பு விழுந்து பார்வை மங்கும். பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளி ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவில் கண் களிம்பு. படுக்கும்போது முதலில் விரலால் இமையை இறக்கி மூடிவிட்டு, அதற்கு மேலே காகித ஒட்டுநாடாவைக் குறுக்காக ஒட்ட வேண்டும். மூடாத கண்ணுக்கு மேலே பஞ்சை வைத்துக் கட்டுவது பிழை. பஞ்சு கருவிழியிலேயே உரஞ்சும். வெளியே போகும்போது கண்ணாடி போட வேண்டும், சோளகக் காலத்துப் புழுதியில் கட்டாயம். கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும்.

பெல் வாதம் ஓரிரு நாளில் முற்றிவிடும். கிழமைக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடினால் அது கட்டியாக இருக்கலாம். காதுமடலில் கொப்புளமும் கடும் வலியும் இருந்தால் அக்கி வைரஸ், வைரஸ் மருந்தும் சேர வேண்டும். காதால் சீழ் வடிந்துகொண்டிருந்தவருக்கு வந்தால் நடுக்காது எலும்பை அரிக்கும் நோய் இருக்கக்கூடும், காது மூக்குத் தொண்டை நிபுணர் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் விழுந்து கால்களும் சோர்ந்தால் கில்லன் பாரே, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய், அது மூச்சைப் பிடிக்கக்கூடியது. மூன்று நாலு மாதத்தில் ஒரு அசைவும் திரும்பவில்லை என்றால் பெல் வாதம் என்ற பெயரையே சந்தேகித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும்.

கண்ணுக்கு வருவோம். பார்வை நரம்பு நரம்பென்று சொல்லப்பட்டாலும் மூளையின் நீட்டம்தான். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள், அறுந்தால் திரும்ப வளராதவை. இரண்டு கண்ணின் நரம்புகளும் மூளைக்கு அடியில் சந்தித்து, மூக்குப்பக்க இழைகள் மட்டும் பக்கம் மாறுகின்றன. அந்தச் சந்திக்குக் கீழே கபச்சுரப்பி. அதில் கட்டி வளர்ந்தால் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை போய்விடும். நேரே பார்த்தால் எல்லாம் தெரியும், எழுத்தும் வாசிக்கலாம், ஆனால் பருத்தித்துறை வீதியில் சைக்கிள் ஓடும்போது பக்கத்தால் வருகிற ஓட்டோ முட்டும்வரை தெரியாது. கசரோகத்துக்குக் கொடுக்கும் எத்தம்பியூட்டோல் இந்த நரம்பைத் தாக்கலாம். சிவப்பும் பச்சையும் மங்குவது முதல் அடையாளங்களில் ஒன்று. கலப்படக் கசிப்பில் உள்ள மெதனோல் உடம்பில் போமிக் அமிலமாக மாறி, ஒன்றிரண்டு நாளில் இரண்டு கண்ணையும் குருடாக்கக்கூடியது.

கண்ணை அசைப்பவை 3, 4, 6. இரட்டையாகத் தெரிகிறது என்றால் முதலில் ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். மூடியவுடன் ஒன்றாகிவிட்டால் கண்கள் ஒருங்கே திரும்பவில்லை, அதாவது நரம்போ தசையோ. ஒற்றைக் கண்ணிலும் இரட்டையாகவே இருந்தால் அது வெண்புரை மாதிரிக் கண்ணின் உள்வேலை.

3ஆம் நரம்பு போனால் இமை முழுக்கத் தொங்கும். விரலால் தூக்கிப் பார்த்தால் கண் வெளிப்பக்கமாகவும் கீழாகவும் கிடக்கும். இனி ரோச் அடித்துக் கண்மணியைப் பார்க்க வேண்டும், உயிர் பிழைப்பது இந்த இடத்தில்தான் தங்கியிருக்கலாம். கண்மணியைச் சுருக்கும் இழைகள் நரம்பின் மேற்தோலில் ஓடுகின்றன, தசைகளுக்கான இழைகள் நடுவில். நீரிழிவில் நரம்புக்குள்ளே போகும் நுண்ணிய இரத்தக்குழாய் அடைபட்டால் நடுப்பகுதி பட்டினி கிடக்கும், மேற்பகுதி தப்பிவிடும். இமை தொங்கும், கண் அசையாது, ஆனால் கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்கும். வலி இருந்தாலும் பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானே தேறும். வெளியிலிருந்து ஏதாவது அமுக்கினால் மேற்பகுதிதான் முதலில் நசுங்கும், கண்மணி விரிந்து நிற்கும். அமுக்குவது பெரும்பாலும் மூளையின் இரத்தக்குழாய் ஒன்றில் ஊதிய ஒரு குமிழ். அது வெடித்தால் மூளையைச் சுற்றி இரத்தக்கசிவு. ஆகவே தொங்கும் இமை, விரிந்த கண்மணி, புதுத் தலையிடி மூன்றும் சேர்ந்தால் அன்றிரவே மூளையின் இரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கான் வேண்டும், அடுத்த கிழமைக் கிளினிக்குக்குத் தள்ளக் கூடாது. கண்மணி தப்பினாலும் வைத்தியர் பல நாள் திரும்பத் திரும்பப் பார்ப்பார், ஏனென்றால் குமிழ் மெல்லவும் வளரலாம்.

6ஆம் நரம்பு கண்ணை வெளிப்பக்கம் திருப்புவது. மண்டையோட்டின் அடித்தளத்தில் நெடுக ஏறி, எலும்பு விளிம்பில் மடிந்து போவதால், தலைக்குள் அமுக்கம் கூடும்போது எங்கே கட்டி இருந்தாலும் இழுபடுவது இதுவாக இருக்கலாம். அதனால் 6 பழுதுபட்டது என்பதை வைத்து மட்டும் இடம் சொல்ல முடியாது. கறண்ட் உதாரணம் காலை வாரிவிடும் இடம் இது. 4ஆம் நரம்பு ஆக மெலிந்தது, மூளைத்தண்டின் பின்பக்கத்தால் வெளியேறும் ஒரே நரம்பு. இது போனால் படி இறங்கும்போதும் பேப்பர் வாசிக்கும்போதும் ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை தெரியும், தலையை மறுபக்கம் சரித்தால் சரியாகும். பழைய கலியாணப் படத்தைக் கொண்டுவரச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். அதிலேயே தலை சரிந்திருந்தால் இது பிறவியில் வந்தது, அவசரமில்லை.

இங்கே ஒரு பக்கக் கதை. நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழும்புகிறார், இரண்டு இமையும் தொங்குகிறது, பார்வை இரட்டிக்கிறது, துப்பலை விழுங்கக் கஷ்டப்படுகிறார் என்றால் நரம்பியல் புத்தகத்தைத் தேடாமல் பாம்பை நினைக்க வேண்டும். எட்டடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் அநேகமாக இருக்காது, பல்லடையாளம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். நஞ்சு தாக்குவது நரம்பின் வழியை அல்ல, நரம்பு தசையில் முடியும் முனையை. முதலில் விழுவது இமையும் கண்ணும், பிறகு தொண்டை, கடைசியாக மூச்சுத் தசைகள். இமை தொங்குவதற்கும் மூச்சு நிற்பதற்கும் இடையில் சில மணித்தியாலமே இருக்கலாம். இலங்கையில் கண்ணாடி விரியன் கடியிலும் இமை தொங்குவது உண்டு.

மண நரம்பு, அதாவது 1, சொல்லாமல் போகும் நரம்பு. மூக்கின் கூரை எலும்பில் உள்ள அரிதட்டுப் போன்ற துவாரங்களால் நூலிழைகள் மேலே போகின்றன. மோட்டார் சைக்கிளால் விழுந்து பிடரி அடிபட்டால் மூளை முன்னே போய்ப் பின்னே வர, இழைகள் அரிதட்டில் அறுந்துபோகும். நோயாளி மணம் போனது என்று சொல்லமாட்டார், சாப்பாடு ருசியில்லை என்பார். உப்பு, புளி, உறைப்பு தெரியும், ஆனால் மீன்குழம்பும் பருப்பும் ஒன்றாக இருக்கும். சோதிக்கக் கோப்பித்தூளும் சவர்க்காரமும் போதும், கண்ணை மூடி ஒவ்வொரு மூக்குத் துவாரமாக. சித்தாலேபவைக் கொடுத்துச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். அதன் எரிவு 5ஆம் நரம்பால் தெரிவது, மணம் முழுக்கப் போனவரும் ‘தெரியுது’ என்பார். மணம் போனவர் வீட்டில் காஸ் சிலிண்டர் கசிந்தால் அவருக்குத் தெரியாது, பழுதான சாப்பாடும் தெரியாது. தலையில் அடிபட்ட பிறகு ஒரு மூக்கால் தெளிந்த தண்ணீர் சொட்டினால் அது சளி இல்லை, மூளைத் தண்ணீர். மூக்குச் சீறக் கூடாது, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

முகத்தின் தொடுகையும் வலியும் 5ஆம் நரம்பு. மூன்று கிளை: நெற்றியும் கண்ணும், கன்னமும் மேல்முரசும், நாடியும் கீழ்முரசும். தாடைக் கோணத்துத் தோல் மட்டும் இதைச் சேராது, கழுத்து நரம்பின் பங்கு. முகம் விறைத்தது என்று வருபவரிடம் இந்த எல்லையை ஊசிமுனையால் தேடுவது வைத்தியருக்குப் பிடித்த சோதனை.

இந்த நரம்பின் பெரிய துன்பம் முக்கிளை நரம்புவலி. பல் துலக்கும்போது, முகம் கழுவும்போது, மெல்லும்போது, விசிறிக் காற்றுப் பட்டாலே கறண்ட் அடித்ததுபோல் ஒரு வெட்டு, சில விநாடி முதல் இரண்டு நிமிடம்வரை. இடையில் ஒன்றுமே இருக்காது. மூளைத்தண்டை ஒட்டி நரம்பு நுழையும் இடத்தில் ஒரு இரத்தக்குழாய் உரசி உரசி, நரம்பிழையின் கொழுப்புறை தேய்ந்துபோயிருப்பதே அநேகம் பேரில் காரணம். உறை தேய்ந்த இரண்டு வயர் முட்டினால் பொறி பறப்பதுபோல, தொடுகை இழையின் துடிப்பு வலி இழைக்குப் பாய்கிறது. வலி பல்லில் இருப்பதாகத் தோன்றுவதால் நல்ல பல்லுகள் பிடுங்கப்படுகின்றன, வலி அப்படியே இருக்கிறது. பரசிற்றமோல் இதற்குக் கேட்காது. காபமசபீன் கேட்கும். 100 மில்லிகிராம் நாளுக்கு ஒன்றிரண்டு தடவை என்று தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும், வேகமாகக் கூட்டினால் தலைச்சுற்றும் தள்ளாட்டமும் வரும். இரத்தத்தில் சோடியம் குறையலாம். தோலில் பரு கிளம்பினால் அன்றே நிறுத்தி வைத்தியரிடம் காட்ட வேண்டும். அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையின் தொடக்கமாக இருக்கலாம். மருந்து கைவிட்டால் இரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் இடையில் சிறு தடுப்பு வைக்கும் சத்திரசிகிச்சை இருக்கிறது.

5ஆம் நரம்பில் இரண்டு எச்சரிக்கை. நெற்றியில் அக்கி போட்டு, மூக்கு நுனியிலும் ஒரு கொப்புளம் வந்தால் அதே கிளை கண்ணுக்குள்ளும் போகிறது என்று பொருள். அசைக்குளோவிர் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், கண் வைத்தியரும் பார்க்க வேண்டும். இரண்டாவது, கீழுதடும் நாடியும் காரணமில்லாமல் விறைப்பது. வெற்றிலையும் புகையிலையும் போட்டு வந்தவருக்கு இப்படி விறைத்தால் வாய்ப்புற்று தாடையெலும்புக்குள் இறங்கி நரம்பைத் தொட்டுவிட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

8ஆம் நரம்பில் கேள்வியும் சமநிலையும். திடீரென்று ஒரு காது அடைத்தால் காது அழுக்கான குடும்பியா நரம்பா என்று வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் கூடக் கேட்டால் குடும்பி மாதிரியான அடைப்பு. நல்ல காதில் கூடக் கேட்டால் நரம்பு அல்லது உட்காது, அது சில நாளுக்குள் ஸ்டீரொயிட் தொடங்க வேண்டிய அவசரம். ஒற்றைக் காது மட்டும் ஆண்டுக்கணக்கில் மந்தமாகிக்கொண்டு போனால் எம்ஆர்ஐ எடுத்துக் கட்டியைத் தேட வேண்டும்.

9உம் 10உம் விழுங்குவதும் குரலும். இவை பழுதானால் திண்மத்தைவிடத் தண்ணீர்தான் சிக்கல். தண்ணீர் ஓடும் வேகத்துக்குக் குரல்வளை மூடாது. பிளேன்ரீ குடித்தால் பிரக்கடிக்கும், மூக்காலும் வரும். தடிப்பான கஞ்சியோ கூழோ மெல்ல இறங்கும், நண்டுக்காலும் மீன்முள்ளும் இல்லாத கூழாக இருந்தால். பக்கவாதம் வந்தவருக்கு ‘களைப்பாக இருக்கிறார்’ என்று சோடாவைப் பருக்கினால் அது சுவாசப்பைக்குள் போய் நியூமோனியா வரும். விழுங்குதல் சோதிக்கப்படும்வரை வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது. குரலுக்குப் போகும் இடப்பக்கக் கிளை நெஞ்சுக்குள் இறங்கி, பெருநாடி வளைவைச் சுற்றித் திரும்ப மேலே ஏறுகிறது. அதனால் மூன்று கிழமைக்கு மேல் குரல் கம்மினால் தொண்டையோடு நெஞ்சுப் படமும் பார்ப்பார்கள்.

11 கழுத்தின் பக்கத்தில் தோலுக்குச் சற்றுக் கீழே போகிறது. அங்கே நெறிக்கட்டியைச் சோதனைக்கு வெட்டும்போது இந்த நரம்பும் வெட்டுப்பட்டால் தோள் தாழும், கையைத் தோள்மட்டத்துக்கு மேல் தூக்க முடியாது. 12 நாக்கு. நீட்டச் சொன்னால் பழுதுபட்ட பக்கத்துக்கே சரியும், ஏனென்றால் நல்ல பக்கம் தள்ளுகிறது. வாய் நல்ல பக்கத்துக்கு, நாக்கு கெட்ட பக்கத்துக்கு. மாணவர்கள் மாறிச் சொல்லும் இடம்.

ஆகப் பெரிய ஏமாற்று நீள்வளைய மையவிழையத்தின் பக்கவாட்டில் வரும் பக்கவாதம். அறுபது வயதுக்காரர், பிரஷர் உள்ளவர். திடீர்த் தலைச்சுற்று, சத்தி, நிற்காத விக்கல், குரல் மாறிவிட்டது, விழுங்க முடியவில்லை. கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை, சீற்றி ஸ்கானில் ஒன்றும் இல்லை. காஸ்ட்ரைற்றிஸ் என்று பெயர் வைத்து ஊசி போட்டு அனுப்பத்தான் தோன்றும். ஆனால் சுடுதண்ணீரில் நனைத்த துணியால் தொட்டுப் பாருங்கள். பழுது இடப்பக்கம் என்றால் இடப்பக்க முகத்தில் சூடு தெரியாது, வலப்பக்க உடம்பில் சூடு தெரியாது. முகத்தின் வலியிழை அந்த மட்டத்தில் இன்னும் பக்கம் மாறவில்லை, உடம்பின் வலியிழை கீழேயே மாறிவிட்டு வருகிறது. இரண்டும் அருகருகே ஓடும் இடம் தலைக்குள் ஒன்றே ஒன்று. இரண்டு ஒழுங்கையில் ஒரே நேரம் கறண்ட் போனால் இரண்டும் சேரும் சந்தியில் அறுந்திருக்கிறது. எம்ஆர்ஐ எடுத்தால் அந்தச் சந்தியில், விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு வெள்ளைப் புள்ளியாக அது தெரியும்.

பழுது எவ்வளவு காலத்தில் தேறும் என்பது எவ்வளவு ஆழத்தில் பட்டது என்பதைப் பொறுத்தது. உறை மட்டும் நசுங்கியிருந்தால் கிழமைக்கணக்கு. உள்ளிழை அறுந்து, சுற்றிவர உள்ள குழாய் தப்பியிருந்தால் நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம், அதாவது மாதத்துக்கு ஒரு அங்குலம் கணக்கில் திரும்ப வளரும். முகத்துக்கு மூன்று முதல் ஆறு மாதம். முழுதாகத் துண்டிக்கப்பட்டால் தைத்தால்தான் உண்டு. வளரும் இழைக்குப் பழைய வீடு தெரியாது, திறந்த குழாய் எதுவோ அதில் போகும். கண்ணுக்குப் போன இழை வாய்க்கும், வாய்க்குப் போனது கண்ணுக்கும் போய்விட்டால், சிரிக்கும்போது கண் தானே மூடும். உமிழ்நீருக்கான இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டால், சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும்போது அந்தக் கண் மட்டும் அழும். இதனால்தான் கன்னத்துக்கு மின்சாரம் பிடிப்பதையும், முழுப் பலத்தோடு கன்னத்தை ஊதுவதையும் விவரம் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் தடுப்பார். கண்ணாடிக்கு முன்னால், நாளுக்கு இரண்டு மூன்று தடவை, சிறிய அசைவுகளை மெல்ல, ஒவ்வொன்றாக: கண் மூடாமல் உதட்டை மட்டும், உதடு இழுபடாமல் கண்ணை மட்டும்.